துப்பாக்கி தைக்கக் கொடுத்த அத்தான்

பி.காம். படித்தவனுக்கு இந்த உலகத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. வேலை கொடுக்க மாட்டார்கள், ஆலோசனை கேட்பார்கள். சீட்டுப் பணத்தை எதில் போடலாம், ஸ்கூட்டருக்கு லோன் எடுக்கலாமா, நகையை அடகு வைப்பதா விற்பதா... எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். பாதி தப்பாகப் போயிருக்கிறது. ஆனாலும் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை.

2022 அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, சமையலறையில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மச்சான், ஒரு ரைஃபிள் வாங்கணும். ரெடிமேடா எடுத்துடலாமா, தைக்கக் கொடுக்கலாமா?"

காபி புரையேறியது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் போலவே தேன்கனிக்கோட்டைக்காரர். மெக்கானிக்கல் எஞ்சினீயர். வயது 52, உயரம் ஐந்தடி நாலங்குலம். இருபத்திரண்டு வருஷ அமெரிக்க வாசத்தில் கொசுவைத் தவிர வேறு எதன் மீதும் அவர் கை ஓங்கி நான் கேள்விப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு விரோதிகளாக வந்து சேர்ந்தவை மான்கள். கோடையில் அக்கா போடும் அவரை, தக்காளி, பூச்செடி எல்லாவற்றையும் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் வேலிச் செடியையும் தின்கின்றன. நம் ஊரில் ஆடு செய்வதை அங்கே மான் செய்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் வேட்டைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் அத்தான் மசிந்துவிட்டார். அந்த மாநிலத்தில் மான் வேட்டை ஒரு பண்டிகை. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் என்று ஒன்று கொண்டாடுகிறார்கள் அல்லவா, அதற்கு அடுத்த திங்கட்கிழமை ரைஃபிள் சீசன் ஆரம்பிப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் பல ஊர்களில் பள்ளிக்கூடமே லீவு! 2019-ல் இருந்து அதை சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். லைசென்ஸ் சுமார் 21 டாலர். அதற்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பில் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். அத்தான் எழுதிப் பாஸும் பண்ணிவிட்டார். அக்காவிடம் 'ஆபீஸ் டிரெய்னிங்' என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

(இதைப் படித்துவிட்டு யாரும் ஏலகிரிப் பக்கம் கிளம்பிவிட வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் மானைத் தொட்டால் ஜெயில்தான்.)

மறுநாள் ரெடிமேட் கடைக்குப் போனோம். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் அடுக்கியிருப்பது போல சுவரெல்லாம் ரைஃபிள். விற்பனையாளர் ஒன்றை எடுத்து, பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை உருவி, குழலுக்கும் அதன் அடியில் இருக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார். நோட்டு எங்கேயும் மாட்டாமல் வந்தால் நல்ல ரைஃபிளாம். மழையில் மரம் ஊதிக் குழலைத் தொட்டால் குறி தள்ளிப் போய்விடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நூறு கஜ தூரத்தில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. விலை 850 டாலர். ஒரு பாரம் நிரப்ப வேண்டும், போலீஸ் பதிவேட்டில் நம் பேரைச் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் ரேஷன் கார்டில் பெண்டாட்டி பேரைச் சேர்க்க எட்டு மாசம் நடந்தவன்.

அத்தான் ரைஃபிளை வாங்கி வலது தோளில் வைத்துப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்தார். முழங்கையைத் தூக்கினார். பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட் பேட்டைப் பிடித்த குழந்தை மாதிரி இருந்தது. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு இடம் இருக்கு, வா" என்றார்.

முக்கால் மணி நேரப் பயணம். ஒரு பழைய தானியக் கொட்டகை. உள்ளே லேத், மர வாசனை, எண்ணெய் வாசனை, எழுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். துப்பாக்கி ஆசாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அத்தானை நிற்க வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அது வழியாக எதிர் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, மறு கண்ணை மூடு. (பக்கத்து சீட்டுக்காரர் பார்க்காதபோது நீங்களும் செய்து பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் குறிபார்க்கும் கண்.)

அத்தானுக்கு இடது கண்.

"நீ இடது கைக்காரன்" என்றார் பெரியவர். "இத்தனை நாள் யார் உன்னை வலது கைக்காரன் என்று சொன்னது?"

அத்தான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கே தெரியும். நொட்டாங்கைப் பழக்கத்தைத் திருத்த அவருடைய அப்பா ஸ்கேலால் மணிக்கட்டில் அடிப்பார். ஒரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் இடது கையைத் துண்டால் முதுகோடு கட்டி வைத்திருந்தார்கள். திருந்திவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பெரியவர் டேப் எடுத்தார். விசையில் விரல் வைக்கும் இடத்திலிருந்து தோளில் படும் முனை வரைக்கும் ஒரு நீளம். கடையில் விற்பதெல்லாம் சுமார் பதிமூன்றரை அங்குலம். அத்தானுக்குப் பன்னிரண்டே முக்கால்தான் சரி. கன்னம் படியும் இடத்தின் உயரம், கட்டை எந்தப் பக்கம் கொஞ்சம் வளைய வேண்டும், எல்லாம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. இடது கைக்காரர்களுக்கான ஆக்‌ஷனை வெளியிலிருந்து வாங்குவார். குழல் அதற்கென்றே இருக்கும் ஒருவரிடமிருந்து வரும். இவர் இரண்டையும் சேர்த்து, வால்நட் மரத்தை இழைத்து உட்கார வைப்பார். ஒன்றரை வருஷம் ஆகும். 7,000 டாலர்.

அன்றைய கணக்குக்கு ஐந்தே முக்கால் லட்சம் ரூபாய்! காரில் திரும்பும்போது நான் இதை இரண்டு தடவை சொன்னேன். அத்தான் காதில் விழவில்லை. ரொம்ப தூரம் வந்த பிறகு தானாகப் பேசினார்.

"நமக்கெல்லாம் டெய்லர் எப்படித் தைப்பான் ஞாபகமிருக்கா? 'வளர்ற பையன், ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க'ம்பாங்க. செருப்பு ஒரு சைஸ் பெருசு. அண்ணனோட ஸ்வெட்டர். இங்க வந்தும் அதேதான், கடையில வாங்கற பேண்டை மடிச்சு அடிச்சுக்கறேன். எனக்குன்னு ஒருத்தன் அளவெடுத்தது இன்னிக்குத்தான் மச்சான்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டு இஞ்ச் நான் வளரவே இல்ல" என்றார்.

இதற்கு பி.காம். பாடத்தில் எங்கே பதில் இருக்கிறது?

ஆனாலும் கேட்டுவிட்டாரே. அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்தேன். இடது பக்கம் தைத்தது, வலது பக்கம் ரெடிமேட். ஒருத்தர் ஒரு வருஷத்துக்குக் கொம்பு மான் ஒன்றுதான் சுடலாம். பத்து வருஷத்துக்குப் பத்து மான் கிடைத்தாலும் தலைக்கு 700 டாலர் துப்பாக்கிச் செலவு. திரும்ப விற்றால்? அத்தானுக்கு அளவெடுத்ததை ஐந்தடி நாலங்குலத்தில் இன்னொரு நொட்டாங்கைக்காரர்தான் வாங்க முடியும். பேர் பெற்ற ஆசாரி செய்ததாக இருந்தால் ஒழிய, தைத்த துப்பாக்கி தைத்த பேண்ட் மாதிரிதான். போட்ட பணம் வராது.

துல்லியம்? அங்கே காட்டில் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் சுடுகிறார்கள். மானின் நெஞ்சுக்கூட்டில் எட்டு அங்குல வட்டம் கிடைத்தால் போதும். ரெடிமேடே ஓர் அங்குலத்துக்குள் போடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ரைஃபிளை வைத்து அத்தான் பயிற்சியில் போட்டது ஆறு அங்குலம். ஆக, கோளாறு துப்பாக்கியில் இல்லை.

அத்தான் காகிதத்தைப் பார்த்தார். "கார்பெட் என்ன வச்சிருந்தார் தெரியுமா?" என்றார்.

தெரியும். தேன்கனிக்கோட்டைப் பையன்கள் புலிக்கதை படித்தே வளர்ந்தவர்கள். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். அதே குண்டுக்குத்தான் அந்தப் பெரியவர் குழல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் அந்த அளவு இப்போது சுலபத்தில் அகப்படாது. அத்தான் எங்கே விழுந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கார்பெட் குமாவுன்காரர் அத்தான். நம்ம ஊர்க் காட்டுக்கு வந்தவர் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரிப் புலியைச் சுட்டவர். அவர் கையில இருந்தது என்ன?"

அத்தானுக்குத் தெரியாமலா? .405 வின்செஸ்டர், 1895 மாடல். அமெரிக்கத் தொழிற்சாலையில் மெஷினில் வார்த்து ஆயிரக்கணக்கில் விற்ற சரக்கு. அதே மாடலைத்தான் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். அவரிடம் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியின் கைவேலை இரட்டைக்குழலும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள அவர் முன்னாள் ஜனாதிபதி. நாம் மாசச் சம்பளக்காரர்கள்.

"அதோட, ரிக்பின்னு பேரே தவிர, உள்ளே இருந்த ஆக்‌ஷன் ஜெர்மனியில மௌசர் தொழிற்சாலைச் சரக்குதானே?" என்று ஒரு போடு போட்டேன்.

அத்தான் விடவில்லை. "சரி, 1964-க்கு என்ன சொல்றே?"

இங்கேதான் நான் வாயடைத்துப் போனேன். வின்செஸ்டர் கம்பெனி 1936-ல் 'மாடல் 70' என்று ஒரு ரைஃபிள் போட்டது. வேட்டைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆனால் உதிரிபாகங்களைக் கடைந்தெடுக்க ஆகும் கூலி ஏறிக்கொண்டே போயிற்று. கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து செலவைக் குறைத்தார்கள். 1964 மாடலில் குண்டைப் பிடித்து இழுத்துவரும் பெரிய நகம் காணாமல் போயிற்று. கட்டையில் கையால் செதுக்கிய வேலைப்பாட்டுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய வேலைப்பாடு வந்தது. வாங்குகிறவன் கண்டுபிடிக்க மாட்டான் என்று நினைத்திருப்பார்கள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்! '64-க்கு முந்தியது' என்றால் இன்றைக்கும் பழைய ரைஃபிளுக்குத் தனி விலை. 1990-களில் அந்த நகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். 2006-ல் நியூ ஹேவன் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இது பூராவும் எங்கள் இனத்தார் செய்த வேலை. கையில் இருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

வாசற்படியில் அக்கா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ! டிரெய்னிங் விஷயம் உட்பட எல்லாம் வெளியே வந்துவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள்.

"மரம் என்ன மரம், குழல் என்ன குழல்னு எழுதியிருக்கே. ராத்திரி அது எங்க தூங்கும்?"

இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

"பையனுக்கு வயசு பதினஞ்சு. மார்க் குறைஞ்சா கதவைச் சாத்திக்கறான். ரெண்டு நாள் பேச மாட்டேங்கறான். போன மாசம் பூரா எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னும் தெரியாது. இந்த வீட்டுக்குள்ள அது வந்தா எங்க இருக்கும், யார் கையில இருக்கும்? அதுக்கு உங்க கணக்குல ஒரு வரி இருக்கா?"

இல்லை. இரண்டு பத்தியிலும் இல்லை. மாடியில் பையனின் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. அத்தான் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. தலைப்புக்குக் கீழே இடம் விட்டிருந்ததால், 'முதல் ஐட்டம்: இரும்புப் பெட்டி' என்று எழுதினேன். தரையில் போல்ட் அடித்து முடுக்குகிற மாதிரி, நல்லதாக, 700 டாலர்.

"வேணாம்னா வேணாம்" என்றார் அத்தான்.

"வேணாம்னு நான் சொல்லலை. உங்களுக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. பெட்டி முதல்ல வரட்டும்."

இரண்டு நாள் கழித்து அத்தான் பெரியவருக்குப் போன் செய்தார், கல்யாணத்தை நிறுத்துகிற சம்பந்தி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு. பெரியவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தோம். அவர் சிரித்தார். "முதல் ரைஃபிளுக்கே ஏன் என்னிடம் வந்தாய் என்று நானும் யோசித்தேன். கடையில் இடது கை மாடல் ஒன்று வாங்கு, மரக்கட்டையாகப் பார்த்து வாங்கு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். (கட்டைக்கும் தோளுக்கும் நடுவே துண்டு சேர்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளாஸ்டிக் மாடல்களைக் கம்பெனிகளே இப்போது விற்கின்றன. அத்தானுக்கு மரம்தான் வேண்டும். அந்த மட்டும் நானும் தலையிடவில்லை.)

பெட்டி வந்தது. நம்பர் பூட்டு. நம்பரை அக்கா போட்டாள், அத்தானிடம்கூட சொல்லவில்லை. "உங்க ரெண்டு பேராலும் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாத நம்பர்" என்றாள். அது கல்யாண நாளாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அத்தானிடம் கேட்டேன். அவருக்கும் தேதி ஞாபகமில்லை.

பிறகுதான் ரைஃபிள். இடது பக்கம் போல்ட் வைத்த .308. கடையிலிருந்து நேராகக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பெரியவர் அத்தானை மறுபடி நிற்க வைத்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து பென்சிலால் கோடு போட்டார். வெட்டினால் ஒட்ட முடியாத சமாசாரம். ரம்பம் இறங்கும்போது அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். முக்கால் அங்குலத் துண்டு மேஜை மேல் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு ரப்பர் அட்டையைப் பொருத்தி, மொத்த நீளம் சரியாகப் பன்னிரண்டே முக்கால் வருகிற வரைக்கும் தேய்த்தார். உள்ளே ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் எபாக்ஸி பூசி ஆட்டம் இல்லாமல் பண்ணினார். அது இறுகுகிற வரைக்கும் ஒரு நாள் விட்டுவிட்டு வந்தோம். எல்லாம் சேர்த்து 240 டாலர்.

செக் எழுதும்போதுதான் கவனித்தேன். பேனா இடது கையில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு கோணல் மாணலாகக் கையெழுத்து.

"அத்தான், கையெழுத்து மாறினா செக் திரும்பிடும்!"

"திரும்பட்டுமே" என்றார்.

திரும்பவில்லை.

அடுத்த வாரம் பயிற்சி மைதானத்தில் மூன்று குண்டு போட்டார். இரண்டரை அங்குலம். காகித இலக்கை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இன்னும் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கார்பெட் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த 7,000 டாலர் நோட்டுப் புத்தகப் பக்கத்தை மட்டும் பெரியவரிடம் கேட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். ரிடையர் ஆகும்போது பார்க்கலாமாம்.

2022 நவம்பர் 26, சனிக்கிழமை. விடிகாலை நாலு மணி. சட்டப்படி தலையிலும் நெஞ்சிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். அத்தான் ஐயப்ப சீசனில் வழி தவறி வந்தவர் மாதிரி பெட்டிக்கு முன்னால் நின்றார். அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்து, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டு நம்பரைச் சுழற்றினாள். ரைஃபிளை அவர் கையில் கொடுத்தாள். பிளாஸ்க்கில் காபியும் கொடுத்தாள். அம்மா கதவோரம் நின்று, "மாப்பிள்ளை, நொட்டாங்கையோ எந்தக் கையோ, பார்த்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

ஒன்பது மணி சுமாருக்கு வாட்ஸப்பில் அத்தான்: 'அஞ்சு மணி நேரமா மரத்தடியில். குளிர். ஒண்ணும் வரலை.'

அக்கா பின் ஜன்னல் திரையை விலக்கினாள். வேலியோரம் மூன்று மான்கள். பெரியது ஒன்று கொம்போடு, நிதானமாகச் செடியை மென்றுகொண்டிருந்தது. வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. மான்களுக்கும் யாரோ அந்த வகுப்பு எடுத்திருக்கிறார்கள்.

மாடியில் கதவு திறக்கும் சத்தம். பையன் இறங்கி வந்து ஜன்னல் பக்கத்தில், அக்காவுக்கு ஒட்டினாற்போல நின்றுகொண்டான். போனை வாங்கி, மான்களைப் படம் பிடித்து, அப்பாவுக்கு அனுப்பினான். கீழே என்ன எழுதலாம் என்று அவளைக் கேட்டான்.

"டிபன் சாப்பிடறாங்க, அப்புறம் வரச் சொல்றேன்னு எழுது" என்றாள் அக்கா.